“ஓம் சேர்” சொல்ல முதல்: வேலை தேடும்போது சொல்வதைக் கேட்பதும் சொன்னபடி செய்வதும்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு வேலைக்கு விண்ணப்பம் கோரினால் தகுதி உள்ளவர்கள் தேவைக்கு மேலாகவே விண்ணப்பிப்பார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நேர்முகத்துக்கு முன்னரே கழிந்துபோவார்கள். படிப்புக் குறைவால் அல்ல. உறையில் பதவியின் பெயர் இராது. வேண்டாம் என்ற சான்றிதழ் உள்ளே இருக்கும். வேண்டும் என்ற கையொப்பம் இராது. செவ்வாய்க்கிழமை வரச்சொன்னவர் புதன்கிழமை வாசலில் நிற்பார். மேசையில் குவிந்த கட்டைக் குறைக்க வேண்டிய அலுவலருக்கு இவை எல்லாம் வசதியான காரணங்கள். சொன்னதை இப்போதே செய்யாதவர் வேலைக்கு வந்த பிறகு செய்வாரா என்று அவர் யோசித்தால் அதில் பிழை சொல்லவும் முடியாது.

வாசிப்பதை விடக் கேட்பதில்தான் கூடுதலாகச் சறுக்குகிறது. பெரியவர்கள் சொல்லும்போது மறித்துக் கேட்பது மரியாதை இல்லை என்றே எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை வளர்க்கிறோம். அந்தப் பழக்கம் நேர்முக அறைக்குள்ளும் கூடவே வருகிறது. விளங்காவிட்டாலும் “ஓம் சேர், ஓம் சேர்” என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து பக்கத்தில் நிற்பவரிடம் “என்னவாம் சொன்னவர்?” என்று கேட்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் அரைவாசிதான் விளங்கியிருக்கும். ஆகவே ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ஓம் சொல்ல முதல், கேட்டதை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். கீழே வருவதில் பெரும்பகுதி அதை எங்கே, எப்படிச் செய்வது என்பதுதான்.

விளம்பரத்தைப் பேனையோடு வாசியுங்கள்

வெள்ளிக்கிழமை வரும் வர்த்தமானியாக இருக்கலாம், பத்திரிகையாக இருக்கலாம், பிரதேச செயலக அறிவித்தல் பலகையாக இருக்கலாம், வட்ஸ்அப்பில் வந்த படமாகவும் இருக்கலாம். வட்ஸ்அப் படம் என்றால் முதலில் அது முழு விளம்பரமா என்று பாருங்கள். பலர் நடுப்பகுதியை மட்டும் வெட்டி அனுப்புவார்கள். முடிவுத் திகதியும் முகவரியும் வெட்டுப்பட்ட பகுதியில் போய்விடும்.

மாதிரிக்கு ஒரு விளம்பரம்:

“களஞ்சிய உதவியாளர் தேவை. க.பொ.த சாதாரண தரத்தில் தமிழ், கணிதம் அடங்கலாக 6 பாடங்களில், இரண்டு அமர்வுகளுக்கு மேற்படாமல் சித்தி. விண்ணப்ப முடிவுத் திகதியன்று 18 வயதுக்குக் குறையாமலும் 35 வயதுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். கரைச்சி, கண்டாவளைப் பிரதேச செயலாளர் பிரிவுகளில் வசிப்போருக்கு முன்னுரிமை. உறவினர் அல்லாத இருவரின் விபரங்களுடன் சுயவிபரக்கோவையை மாத்திரம் பதிவுத் தபாலில் அனுப்பவும். உறையின் இடதுபக்க மேல் மூலையில் பதவியின் பெயரைக் குறிப்பிடவும். விண்ணப்பங்கள் 15ஆம் திகதி பி.ப. 3.00 மணிக்கு முன்னர் கிடைக்க வேண்டும். தொலைபேசி விசாரிப்புகளைத் தவிர்க்கவும்.”

எட்டு வரிதான். ஆனால் வழுக்கும் இடங்கள் நிறைய. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

“இரண்டு அமர்வுகளுக்கு மேற்படாமல்” என்றால் ஏதாவது இரண்டு முறை எழுதி எடுத்த சித்திகளைச் சேர்த்து ஆறு வந்தால் போதும். மூன்று முறை எழுதியதைச் சேர்த்தால்தான் ஆறு வரும் என்றால் இந்த வேலைக்குப் பொருந்தாது. “ஒரே அமர்வில்” என்று போட்டிருந்தால் சேர்க்கவே முடியாது. சில விளம்பரங்கள் வெறும் சித்தி போதாது, குறித்த பாடங்களில் திறமைச் சித்தி (C) வேண்டும் என்று கேட்கும். பெறுபேற்றுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சரிபாருங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

வயதை “முடிவுத் திகதியன்று” கணக்கிட வேண்டும். விளம்பரம் வந்த நாளோ விண்ணப்பம் எழுதும் நாளோ கணக்கில் இல்லை. ஆண்டை மட்டும் கழித்துப் பார்ப்பது போதாது, மாதமும் நாளும் வரை கழியுங்கள். படிவத்தில் பெரும்பாலும் வருடம், மாதம், நாள் என்று மூன்று பெட்டி இருக்கும். அங்கே அலுவலர் உங்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்.

“முன்னுரிமை” என்பது “மட்டும்” அல்ல. துணுக்காயில் இருப்பவரும் அனுப்பலாம். ஆனால் “நிரந்தர வதிவாளராக இருத்தல் வேண்டும்” என்று இருந்தால் அது கட்டாயம். கிராம அலுவலரின் சான்றிதழ் இல்லாமல் சரிவராது.

“உறவினர் அல்லாத இருவர்” என்று கேட்ட இடத்தில் மாமாவின் பெயரை எழுதுபவர்கள் ஏராளம். மாமா அதிபராக இருந்தாலும் அவர் மாமாதான். படிப்பித்த ஆசிரியர், முன்பு வேலை செய்த இடத்துப் பொறுப்பாளர், பயிற்சி நிலையப் போதனாசிரியர் போன்றவர்களை எழுதுங்கள். எழுத முதல் அவர்களிடம் கேளுங்கள். அவர்களுடைய இப்போதைய தொலைபேசி இலக்கத்தையும் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து எடுக்கும்போது “அப்பிடி ஒருத்தரைத் தெரியாது” என்று மறுமுனையில் சொன்னால் கதை முடிந்தது.

“சுயவிபரக்கோவையை மாத்திரம்.” சான்றிதழ்ப் பிரதிகளை வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைப்பது இயல்பு. நல்லதல்ல. கேட்காததை வைத்தால் வாசிக்கவில்லை என்றுதான் தெரியும். மூலப்பிரதியைத் தபாலில் வைத்து அனுப்புவது இன்னும் மோசம். இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்துத் திரும்ப எடுத்த குடும்பங்களுக்கு ஒரு மூலப்பிரதியின் பெறுமதி சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

“3.00 மணிக்கு முன்னர் கிடைக்க வேண்டும்.” அனுப்பும் நாள் அல்ல, போய்ச் சேரும் நாள். முழங்காவிலிலோ ஒட்டுசுட்டானிலோ தபாலில் போட்டால் இடையில் சனி, ஞாயிறு வருமா, போயா விடுமுறை வருமா என்று கலண்டரைப் பாருங்கள். ஒரு கிழமை முன்னரே அனுப்புவது நல்லது. பதிவுத் தபால் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து, தாளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தபால் தாமதத்துக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று பல அரச விளம்பரங்களில் ஒரு வரி இருக்கும். பிந்திப் போன பிறகு வாதாடிப் பயனில்லை.

“தொலைபேசி விசாரிப்புகளைத் தவிர்க்கவும்” என்றால் எடுக்க வேண்டாம். தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு எடுப்பிக்கவும் வேண்டாம். ஆள் பிடிப்பது எங்கள் ஊர்களில் இன்னும் போகாத வியாதி. அது உதவுவதை விடக் கெடுப்பதே கூட; எந்தச் செல்வாக்கும் தகுதியிழப்புக்குக் காரணமாகும் என்று பல விளம்பரங்களில் நேராகவே எழுதியிருப்பார்கள்.

இப்படி வாசித்து முடித்ததும் ஒரு தாளில் மூன்று பகுதியாக எழுதுங்கள்: என்னிடம் இருக்க வேண்டியவை, நான் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை. மூன்றாவதைப் பெரும்பாலானோர் எழுதுவதில்லை. மேலே உள்ள விளம்பரத்தில் அப்படி இரண்டு இருக்கின்றன: வேறு ஆவணம் வைக்கக் கூடாது, போன் எடுக்கக் கூடாது.

பரீட்சைத் திணைக்களம் நடத்தும் போட்டிப் பரீட்சை என்றால் விதிகள் இன்னும் இறுக்கம். விண்ணப்பத்தைத் தாளில் கேட்டால், ஏ-4 தாளில் இரு பக்கமும் தயாரிக்கச் சொல்வார்கள். எந்த இலக்கம் வரை முதற் பக்கத்தில் வர வேண்டும் என்பதையும் சொல்லியிருப்பார்கள். கொமினிகேசனில் (தட்டச்சு, போட்டோக் கொப்பிக் கடையில்) தட்டச்சு செய்பவர் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் முதற் பக்கத்தின் கடைசி இலக்கம் இரண்டாம் பக்கத்துக்கு ஓடிவிடும். அச்சடிக்க முதல் அதைப் பாருங்கள். கையொப்பத்தை யார் உறுதிப்படுத்தலாம் என்ற பட்டியலும் உள்ளேயே இருக்கும்: அரச பாடசாலை அதிபர், சமாதான நீதவான், சத்தியப் பிரமாண ஆணையாளர் என்று போகும். உறுதிப்படுத்துபவருக்கு முன்னால்தான் கையொப்பம் வைக்க வேண்டும். வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொண்டுபோனால் கண்டிப்பானவர் திருப்பி அனுப்புவார், அவர் செய்வது சரி. பிறகு அனுமதி அட்டை வரும்போது அதிலும் கையொப்பத்தை உறுதிப்படுத்திக்கொண்டுதான் மண்டபத்துக்குப் போக வேண்டும். பரீட்சையன்று காலையில் மண்டப வாசலில் சமாதான நீதவானைத் தேடி ஓடுபவர்கள் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதவர்கள்.

பெயர், இலக்கம், கொமினிகேசன் கடை

“முழுப்பெயர்” என்று கேட்டால் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி தகப்பன் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். “முதலெழுத்துகளுடன் பெயர்” என்று கேட்டால் சுருக்குங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் கேட்டால், அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் இருந்தால் அதில் உள்ளபடியே, ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் இருந்தால், அதை வேலை கிடைக்கும் தறுவாயில் திருத்த வெளிக்கிட வேண்டாம். இப்போதே பிரதேச செயலகத்தில் கேட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அடையாள அட்டை இலக்கம் பழையதில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். கையில் உள்ள அட்டையில் எது அச்சாகியிருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

கொமினிகேசனில் விண்ணப்பம் தயாரிப்பவர்கள் இரண்டு விடயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஒன்று, கடைக்காரர் முன்னர் யாருக்கோ அடித்த சுயவிபரக்கோவையைத் திறந்து அதன் மேலேயே உங்கள் விபரத்தை அடிப்பார். பழையவரின் பாடசாலையோ பொழுதுபோக்கோ எங்காவது ஒரு வரியில் மிஞ்சி நிற்கும். அச்சடித்ததைக் கடையிலேயே நின்று வரிவரியாக வாசியுங்கள். இரண்டு, மின்னஞ்சலில் அனுப்பும்போது கடையின் கணக்கிலிருந்து அனுப்பிவிடுவார். பதில் கடைக்குத்தான் போகும். அவர் அதைப் பார்த்து, யாருடையது என்று நினைவுபடுத்தி, உங்களுக்குச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. உங்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி, கிழமையில் இரண்டு தடவையாவது திறந்து பாருங்கள். குப்பைப் பகுதியையும் பாருங்கள்.

பி.டி.எப். கேட்டால் பி.டி.எப்.தான், தாளைப் போனில் படம் எடுத்து அனுப்பினால் கேட்டது அனுப்பியதாகாது. தலைப்பில் பதவியின் பெயரைப் போடச் சொன்னால் அதையே போடுங்கள். “வேலை விண்ணப்பம்” என்று பொதுவாகப் போட்டால், ஒரே நாளில் ஐந்து பதவிக்கு ஆள் எடுக்கும் இடத்தில் அது எந்தக் கோப்புக்குள்ளும் போகாது.

கிராம அலுவலரின் நற்சான்றிதழ் கேட்டிருந்தால், பெரும்பாலும் அண்மையில், ஆறு மாதத்துக்குள் எடுத்ததைத்தான் கேட்பார்கள். பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். விதானையார் எந்த நாளில் கந்தோரில் இருப்பார் என்பதை முதலே கேட்டுவையுங்கள். வெளிக்களம் போன நாளில் போய் நிற்பது வீண் அலைச்சல்.

தொலைபேசி வரும்போது

அதிகம் கெடுவது இங்கேதான். அழைப்பு இரண்டு நிமிடம்கூட இராது. எடுப்பவர் ஐம்பது பேருக்கு எடுத்துக்கொண்டிருப்பார்; வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போவார். நீங்கள் வயலில் நிற்கலாம், பஸ்ஸில் நிற்கலாம், கோயில் திருவிழாவில் லவுட்ஸ்பீக்கருக்குக் கீழேயும் நிற்கலாம்.

விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பியும் பேனையும் இருக்கட்டும். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை ஆறு: யார் எந்த இடத்திலிருந்து எடுக்கிறார், கிழமையும் திகதியும், நேரம், இடம், கொண்டுவர வேண்டியவை, போய் யாரைச் சந்திப்பது. இந்த ஆறையும் கொப்பியின் முதல் பக்கத்தில் முன்கூட்டியே எழுதி, பக்கத்தில் இடம் விட்டு வையுங்கள். பதற்றத்தில் கேள்வி ஞாபகம் வராது, எழுதிய தாள் இருந்தால் வெற்றிடம் கண்ணில் படும்.

சிக்னல் சரியில்லை, சத்தம் கூட என்றால் அரைகுறையாகக் கேட்டுச் சமாளிக்க வேண்டாம். “சேர், இப்ப பஸ்ஸில நிக்கிறன், சத்தம் கேக்குதில்ல. பத்து நிமிசத்தில நானே இந்த நம்பருக்கு எடுக்கட்டோ?” என்று கேளுங்கள். இதற்கு யாரும் கோபிப்பதில்லை. சொன்ன பத்து நிமிடத்தில் எடுப்பதற்குப் போனில் காசு இருக்க வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பிச் சொல்வது இப்படி இருக்கும்:

“சேர், ஒருக்காத் திருப்பிச் சொல்லுறன், சரியோ எண்டு பாருங்கோ. வாற செவ்வாய், 14ஆம் திகதி, காலமை ஒன்பதரைக்கு, அறிவியல் நகர். அடையாள அட்டையும் ஓ.எல். சேட்டிபிக்கேற்றும் கொண்டு வரவேணும்.”

“ஒன்பதரைக்கு டெஸ்ட் தம்பி. எட்டரைக்குள்ள வந்து பதியவேணும். சேட்டிபிக்கேற்றுக்கு ஒரு போட்டோக் கொப்பியும் எடுத்துக்கொண்டு வாங்கோ.”

பார்த்தீர்களா, ஒரு மணித்தியாலமும் ஒரு போட்டோக் கொப்பியும் திருப்பிச் சொன்னதால்தான் வெளியே வந்தன. இரண்டு நேரம் சொல்லப்பட்டால் பிந்தியதுதான் மனதில் நிற்கும். “எத்தனை மணிக்கு உள்ளுக்க நிக்கவேணும்?” என்று கேட்டால் குழப்பம் தீரும்.

“வாற செவ்வாய்”, “அடுத்த செவ்வாய்” இரண்டும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது வாற செவ்வாய் நாளை மறுநாளா, அதற்கு அடுத்த கிழமையா? எப்போதும் திகதியைக் கேளுங்கள், கலண்டரில் கிழமையோடு பொருந்துகிறதா என்று அப்போதே பாருங்கள். பொருந்தாவிட்டால் “சேர், 14ஆம் திகதி புதன்கிழமை எண்டு இருக்குது, எந்த நாள்?” என்று அந்த அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். எழுத்தில் வந்தால் இன்னொரு சிக்கல்: அரச கடிதங்களில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை, சில நிறுவனங்கள் நாளை முன்னுக்குப் போடும், 04/03 என்று வந்தால் எந்த மாதம் என்று கேட்பதில் வெட்கம் இல்லை.

இடத்தையும் முடிந்தளவு நுணுக்கமாகக் கேளுங்கள். அறிவியல் நகர் என்று மட்டும் தெரிந்து ஏ-9 வீதியில் இறங்கினால் யாழ். பல்கலைக்கழகப் பீடங்களின் வளாகமும் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் அங்கேதான் இருக்கின்றன. எந்த நிறுவனம், எந்த வாசல், உள்ளே எந்தக் கட்டடம் என்று கேட்காமல் போனால் வெயிலில் நடந்து வியர்த்துத்தான் உள்ளே போவீர்கள்.

கொழும்பிலிருந்து எடுப்பவர் சிங்களத்தில் பேசினால் பலர் பதறி வைத்துவிடுகிறார்கள். வைக்க வேண்டாம். “ஹெமின் கியன்ன” என்றால் மெதுவாகச் சொல்லுங்கோ. “ஆயெத் கியன்ன” என்றால் திரும்பச் சொல்லுங்கோ. “மெசேஜ் எகக் தான்ன” என்றால் ஒரு மெசேஜ் போடுங்கோ. இந்த மூன்றும் போதும். இலக்கங்களில் ஹதர நான்கு, ஹய ஆறு, ஹத ஏழு. மூன்றும் போனில் ஒன்றுபோலக் கேட்கும், அதனால் அவற்றை ஆங்கிலத்தில் திருப்பிக் கேளுங்கள். “உதே” காலை, “ஹவச” பின்னேரம், “ஹெட்ட” நாளை, “அனித்தா” நாளை மறுநாள். சந்துதா திங்கள், அங்கஹருவாதா செவ்வாய், பதாதா புதன், ப்ரஹஸ்பதிந்தா வியாழன், சிகுராதா வெள்ளி. இதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

விண்ணப்பத்தில் அப்பாவின் இலக்கத்தையோ அக்காவின் இலக்கத்தையோ கொடுத்திருந்தால், அந்தப் போனை எடுப்பவருக்கும் அந்த ஆறு கேள்விகளைச் சொல்லிக்கொடுங்கள். “பிள்ளை, ஆரோ ஒரு பொடியன் கொழும்பில இருந்து எடுத்தவன், திரும்ப எடுக்கிறனெண்டவன்” என்ற தகவலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அம்மா எழுதமாட்டார் என்றால் ஒன்றை மட்டும் சொல்லட்டும்: “தம்பி, பிள்ளையின்ர நம்பர் தாறன், அதுக்கு எடுங்கோ.” முடிவுத் திகதிக்குப் பிறகு சிம் மாற்றவே வேண்டாம்.

அழைப்பு முடிந்ததும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். நீளமாக வேண்டாம்: “வணக்கம் சேர். களஞ்சிய உதவியாளர் நேர்முகத்துக்கு 14ஆம் திகதி செவ்வாய் காலை 8.30க்கு அறிவியல் நகர் அலுவலகத்துக்கு வருகிறேன். அடையாள அட்டை, சா.த மூலச் சான்றிதழ், அதன் பிரதி ஒன்று கொண்டுவருவேன்.” கீழே உங்கள் பெயர். பிழை இருந்தால் அவர் திருத்துவார், இல்லாவிட்டால் உங்களிடம் எழுத்தில் ஒரு சாட்சி இருக்கும்.

குரல் பதிவாக அறிவுறுத்தல் வந்தால் முதலில் பேனை தொடாமல் முழுவதும் கேளுங்கள். இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்தி எழுதுங்கள். எழுதிக்கொண்டே முதல் தடவை கேட்டால், திகதியை எழுதும் நேரத்தில் இடம் ஓடிப்போயிருக்கும்.

பிறகு பயணம். புதுக்குடியிருப்பிலிருந்து வவுனியாவுக்கு எட்டரைக்குப் போக வேண்டுமானால் முதல் பஸ் எத்தனை மணிக்கு, மாங்குளத்தில் மாற வேண்டுமா என்பதை முதல் நாளே கொண்டக்டரிடம் கேட்டு வையுங்கள். எந்தப் பஸ்ஸும் அந்த நேரத்துக்குச் சேராது என்று தெரிந்தால் அன்றைக்கே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். முன்னரே சொன்னால் பெரும்பாலும் நேரத்தை மாற்றித் தருவார்கள், அன்று காலை சொன்னால் சாட்டாகத்தான் எடுப்பார்கள்.

நேர்முகமும் செய்முறைத் தேர்வும்

உள்ளே போக முதல் ஒரு படிவம் தருவார்கள். கை உடனே எழுதத் தொடங்கும். நிறுத்தி, கடைசி வரி வரை வாசியுங்கள். கறுப்பு மையா நீல மையா, பெரிய எழுத்தா, “அலுவலகப் பாவனைக்கு மட்டும்” என்ற பெட்டி எது என்பதெல்லாம் சில நேரம் அடியில்தான் இருக்கும். இரண்டு நிறப் பேனையும் கொண்டுபோங்கள். உங்களுக்குப் பொருந்தாத பகுதியை வெறுமையாக விடாமல் “பொருந்தாது” என்று எழுதுங்கள். வெறுமையாக இருந்தால் மறந்துவிட்டீர்களோ என்று தோன்றும்.

கேள்வி பல துண்டாக வரும்: “கடைசியா எங்க வேலை செய்தனீங்கள், ஏன் விட்டனீங்கள், எப்ப தொடங்கலாம்?” நீங்கள் முதற்கேள்வியிலேயே ஐந்து நிமிடம் நின்றால் மூன்றாவது மறந்துபோகும். மேசைக்குக் கீழே விரலை மடித்து எண்ணிக்கொள்ளுங்கள்; மூன்று விரல், மூன்று பதில். இரண்டு நிமிடத்தில் சொல்லச் சொன்னால் இரண்டு நிமிடம்தான், வீட்டில் போனில் நேரம் வைத்துப் பழகுங்கள். விளங்காத கேள்விக்கு “மன்னிக்கவேணும் சேர், நீங்கள் கேக்கிறது சம்பளத்தைப் பற்றியோ, வேலை நேரத்தைப் பற்றியோ?” என்று குறிப்பாகக் கேளுங்கள். வெறுமனே “விளங்கேல்ல” என்றால் அதே வசனத்தை அதே வேகத்தில் திரும்பச் சொல்வார்.

செய்முறைத் தேர்வில் கைத்திறனோடு சொன்ன வரிசையையும் பார்க்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கும்போது தையல் தெரிந்தவரிடம் இப்படிச் சொல்லலாம்: “இந்த ரெண்டு துண்டையும் நல்ல பக்கம் உள்ளுக்க வரப் பிடிச்சு, ஓரத்தில இருந்து ஒரு சென்டிமீற்றர் விட்டுத் தைச்சு, துவக்கத்திலயும் முடிவிலயும் பின்தையல் போட்டு, நூலை வெட்டி, என்ர மேசையில கொண்டுவந்து வையுங்கோ.” ஐந்து செயல். நன்றாகத் தைப்பவர்கள் பெரும்பாலும் கடைசி இரண்டில் விழுவார்கள்: நூல் தொங்கிக்கொண்டிருக்கும், அல்லது தைத்து முடித்துவிட்டு அப்படியே இருந்து அவர் வருவாரென்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். தைக்கத் தொடங்க முதல், துண்டைக் கையில் பிடித்து அந்த ஐந்தையும் சொல்லிக் காட்டுங்கள். “நல்ல பக்கம் உள்ளுக்க, ஒரு சென்டிமீற்றர், ரெண்டு பக்கமும் பின்தையல், நூல் வெட்டி, உங்கட மேசைக்கு.” அரை நிமிடம் போகும், போனால் போகட்டும்.

மின்சார வேலை, ஒட்டு வேலை (வெல்டிங்), இயந்திரம் திருத்தும் வேலை என்றால் முதல் அறிவுறுத்தல் பாதுகாப்பு. மின்னிணைப்பை நிறுத்தாமல், கண்ணாடி போடாமல் வேலையில் கைவைத்தால் பிறகு எவ்வளவு அழகாகச் செய்தாலும் புள்ளி வராது. என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) மதிப்பீட்டிலும் இது பொருந்தும். கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: பாதுகாப்பு விளக்கத்தைக் கேட்காமல் யாரையும் தளத்துக்குள் விடமாட்டார்கள். குறியிட்ட பாதை என்றால் குறியிட்ட பாதைதான். “எனக்கு இந்தக் காணி சின்னனில இருந்து தெரியும்” என்பது அங்கே ஒரு தகுதி அல்ல.

கேட்கக் கூடாத அறிவுறுத்தல்கள்

சொன்னதை எல்லாம் செய்வதும் ஆபத்து. நேர்முகத்துக்கு முன்னரே “பதிவுக் கட்டணம்” என்று யாருடையதோ சொந்த வங்கிக் கணக்குக்குக் காசு போடச் சொன்னால் நிறுத்துங்கள். அரச பரீட்சைக் கட்டணம் எங்கே, எப்படிக் கட்டுவது என்பது வர்த்தமானியிலேயே இருக்கும். தனியாள் கணக்குக்குப் போகாது. அடையாள அட்டையின் மூலத்தையோ கடவுச்சீட்டையோ “பிறகு தாறம்” என்று வாங்கி வைக்கும் முகவரிடம் கொடுக்க வேண்டாம். போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை எவருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். வெற்றுத் தாளில் கையொப்பம் வைக்க வேண்டாம்.

வெளிநாட்டு வேலை என்றால் முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்துச் சரிபாருங்கள். “சுற்றுலா விசாவில போங்கோ, அங்க மாத்தலாம்” என்று சொன்னால் அந்தப் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். அவசரப்படுத்துவதும் ஓர் அடையாளம். ஒரு நாள் யோசிக்க அவகாசம் கேட்டால் உண்மையான நிறுவனம் பெரும்பாலும் தரும்.

வேலை கிடைத்த பிறகு

நியமனக் கடிதம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் விளங்கிக்கொண்டு வர ஒரு நாள் கேளுங்கள். தகுதிகாண் காலம் எத்தனை மாதம், விலகுவதாயின் எவ்வளவு முன்னறிவித்தல், வேலை நேரம், மேலதிக நேரக் கொடுப்பனவு ஆகிய நான்கையும் தேடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், தொழில்தருநர் 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முழுவதும் அவர்களுடையது, உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. கடிதத்தின் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும்.

முதல் இரண்டு கிழமையும் அதே கொப்பியைக் கொண்டுபோங்கள். சுப்பவைசர் ஒன்றைச் சொல்லி, மனேஜர் வேறொன்றைச் சொன்னால் நீங்களாக ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டாம். சுப்பவைசரிடம் போய், “அண்ணை, மனேஜர் முதல்ல லொறியை இறக்கச் சொல்லுறார், நீங்கள் ஸ்டொக் எண்ணச் சொன்னனீங்கள், எதை முதல் செய்ய?” என்று கேளுங்கள். அவர் சொன்னதையும் நேரத்தையும் கொப்பியில் குறித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.